கிறிஸ்மஸ் மரமும் கொடுக்கும் கரமும்

மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவியர்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துக் கடைவீதிகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். கோவில்களில் குடில் கட்டுவதற்கு வைக்கோலும் களிமண்ணும் வந்து சேரும். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கிறிஸ்மஸ் மரம் ஜோடிக்கும் வேலை மும்முரமாகும். அம்மரத்தடியில் ஓர் உண்டியலை வைத்து, சேரும் பணத்தை ஏழை எளியோருக்கு அளிப்பதும் பல இடங்களில் உண்டு.

மரம் ஜோடிப்பதற்கும் தருமத்திற்கும் என்ன தொடர்பு? இவ்வழக்கம் எங்கே பிறந்தது? அலங்காரத்திற்குச் செலவாகும் பணம் எவ்வளவு, ஏழையின் கையைச் சென்றடையும் பணம் எவ்வளவு? பெறுகிறவர் மனம் நோகாமல் கொடுப்பது எப்படி? இக்கேள்விகளுக்கு நாங்கள் தேடிக் கண்ட விடைகளை நம் பள்ளி மலரின் வாசகர்களுக்கு இங்கே தருகிறோம்.

மரம் வந்த வழி

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடிலை நமக்குத் தந்தவர் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ். 1223ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் மாடும் கழுதையும் வைக்கோலும் கொண்டு அவர் பெத்லகேமின் காட்சியை மக்கள் கண்முன் நிறுத்தினார். மரமோ ஜெர்மானிய மக்களிடமிருந்து வந்தது. டிசம்பர் 24ஆம் நாள் ஆதாம் ஏவாள் நினைவு நாளாகவும் இருந்ததால், ஏதேன் தோட்டத்தின் மரத்தைக் குறிக்க ஆப்பிள் பழங்களைத் தொங்கவிட்ட மரம் ஒன்றை அந்நாளில் வைப்பார்கள். ஸ்டிராஸ்பர்க் நகரத்து வீடுகளில் காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் கட்டிய மரங்கள் இருந்ததாக 1605ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் ஒரு பத்திரிகையில் வெளிவந்த பிறகு ஆங்கிலேயர் வீடுகளிலும் மரம் பரவலாயிற்று. அவர்கள் சென்ற நாடுகளுக்கெல்லாம் அதுவும் சென்றது.

கத்தோலிக்கர்களாகிய நாம் நெடுங்காலம் குடிலையே பெரிதாகப் போற்றி வந்தோம். வத்திக்கானில் புனித இராயப்பர் பேராலயத்தின் சதுக்கத்தில் முதன்முதலாகக் கிறிஸ்மஸ் மரம் நிறுத்தப்பட்டது 1982இல்தான். அதற்கு ஏற்பாடு செய்தவர், இன்று புனிதராகப் போற்றப்படும் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர். அன்றுமுதல் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு நாட்டு மக்கள் அம்மரத்தைக் காணிக்கையாக அனுப்பி வருகின்றனர்.

மரத்தில் தொங்கும் கண்ணாடி உருண்டைகளின் வரலாறு நம் ஊராருக்கு நன்றாகவே விளங்கும். ஜெர்மனியில் லௌஷா என்னும் மலையூரில் 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடி ஊதும் குடும்பங்கள் வீட்டிலேயே அவற்றைச் செய்தன. தகப்பன் ஊதுவார், மற்றவர்கள் வெள்ளிப்பூச்சுப் பூசி வண்ணம் தீட்டுவார்கள். பழமும் கொட்டையும் வாங்கிக் கட்ட வசதியற்ற ஒரு தொழிலாளி கண்ணாடியிலேயே பழம் செய்து தொங்கவிட்டார் என்று அவ்வூரார் ஒரு கதை சொல்வார்கள். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குக் காலணியின் மேற்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கும் ஆம்பூர்ப் பெண்களை அறிந்த நமக்கு, லௌஷாவின் குடும்பங்கள் அந்நியர் அல்லர்.

காட்டில் கிடைத்த குழந்தை

மரத்தடியில் நிதி திரட்டும் வழக்கத்திற்குப் பின்னால் ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. 1919ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள். செக்கோஸ்லோவாக்கியா என்று அன்று பெயர் பெற்றிருந்த நாட்டில், பிர்னோ நகருக்கு அருகே பீலோவிட்சே என்னும் ஊரின் காட்டிற்கு ருடால்ப் டெஸ்னோலீடெக் என்ற எழுத்தாளர் நண்பர்களுடன் கிறிஸ்மஸ் மரம் வெட்டச் சென்றார். மரத்தைத் தேடியவர்கள் கண்டது ஒரு பெண் குழந்தையை. இரண்டு வயதும் நிரம்பாத அக்குழந்தையை யாரோ குளிரில் விட்டுச் சென்றிருந்தார்கள். அவர்கள் அதைத் தூக்கிவந்து காப்பாற்றினார்கள். பின்னர் ஒரு குடும்பம் அக்குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தது.

ஒரு குழந்தை பிழைத்ததோடு டெஸ்னோலீடெக் மனம் அமைதி அடையவில்லை. கைவிடப்பட்ட மற்றக் குழந்தைகளின் கதி என்ன என்று எண்ணினார். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகர வழக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பிர்னோ நகரின் பெரிய சதுக்கத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிறிஸ்மஸ் மரம் நிறுத்தவும், அதன் அடியில் அநாதைக் குழந்தைகளுக்காக நிதி திரட்டவும் ஏற்பாடு செய்தார். 1924ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் மரம் நின்றது. அம்மரம் வந்ததும் அதே பீலோவிட்சேக் காட்டிலிருந்துதான். திரண்ட நிதியைக் கொண்டு கட்டப்பட்ட 'டாக்மார்' குழந்தைகள் இல்லம் 1929இல் திறக்கப்பட்டது. டென்மார்க்கின் அரசியாகச் சென்ற செக் நாட்டு இளவரசி ஒருத்தியின் பெயரே அவ்வில்லத்திற்கு இடப்பட்டது. இதற்கெல்லாம் வித்திட்டவரோ 1928இலேயே காலமாகிவிட்டார். இல்லம் திறக்கப்பட்டதை அவர் காணவில்லை. ஆனால் செக் நாட்டின் பல நகரங்களில் அவ்வழக்கம் வேரூன்றிவிட்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்நகர மக்கள் முதலில் மரத்தை ஜோடித்துவிட்டு, பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடவில்லை. முதலில் குழந்தை கண்ணில் பட்டது. பிறகுதான் மரம் வந்தது. தருமத்திற்கு மரம் ஜோடிக்கும் ஒவ்வொரு பள்ளியும் இந்த வரிசையை மாற்றாமல் காக்க வேண்டும்.

சிறு வில்லையும் நன்றி மரமும்

பிர்னோ மரத்திற்கும் முன்பே டென்மார்க்கில் மற்றோர் அறச்செயல் தொடங்கியிருந்தது. அஞ்சல் துறையில் பணிபுரிந்த ஐனார் ஹோல்பெல் என்பவர், கிறிஸ்மஸ் காலத்தில் மலை மலையாகக் குவியும் வாழ்த்துக் கடிதங்களைப் பார்த்தார். ஒவ்வொரு கடிதத்திலும் தபால் தலையோடு ஒரு சிறு வில்லையையும் ஒட்டி, அதன் விலையை நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 1904ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு முதல் வில்லை வெளிவந்தது. அந்த ஒரே பருவத்தில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வில்லைகள் விற்றன. நம் நாட்டிலும் இந்தியக் காசநோய்ச் சங்கம் 1950 முதல் இத்தகைய வில்லைகளை வெளியிட்டது. காந்தியடிகள் பிறந்த நாளான அக்டோபர் 2ஆம் தேதி விற்பனை தொடங்கும். 'டி.பி. சீல்' என்று பள்ளிகளில் வழங்கிய அவ்வில்லைகளை வாங்கியதும் விற்றதும் நம் பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும். சிறு துளி பெரு வெள்ளம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மரம் நன்றியின் அடையாளமாகவும் விளங்குகிறது. 1917 டிசம்பர் 6ஆம் நாள் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் ஒன்று வெடித்து நகரின் பெரும் பகுதி அழிந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மக்கள் உடனே மருத்துவர்களையும் மருந்தையும் அனுப்பினார்கள். அதற்கு நன்றியாக மறு ஆண்டு ஹாலிபாக்ஸிலிருந்து பாஸ்டனுக்கு ஒரு கிறிஸ்மஸ் மரம் சென்றது. 1971இல் அவ்வழக்கம் புத்துயிர் பெற்று இன்றும் தொடர்கிறது. போர்க்காலத்தில் கிடைத்த உதவிக்கு நன்றியாக நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரம் 1947 முதல் இலண்டனுக்கு ஆண்டுதோறும் ஒரு மரத்தை அனுப்புகிறது. கொடுக்கும் கை மட்டுமல்ல, பெற்றுக்கொண்ட கையும் மரம் நடலாம் என்பதை இவை காட்டுகின்றன.

நாமும் பெற்றவர்களே

நம் வட்டாரமும் அப்படிப் பெற்றுக்கொண்ட வட்டாரம்தான். தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன இராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர். அவர் 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அதைக் கொண்டு 1902இல் 40 கட்டில்களுடன் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்று நாடெங்கும் இருந்து நோயாளிகள் வந்து சேரும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அவ்வாறு வளர்ந்ததே. சபை வேறாயினும் அன்பு ஒன்றே என்பதற்கு இது நம் ஊர்ச் சான்று.

அக்கல்லூரிக்கு 1946இல் வந்தவர் டாக்டர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர். தொழுநோயால் விரல் மடங்கிப் போன கைகளை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்தவர் அவர். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி அற்றுப்போவதால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று அவர் எடுத்துரைத்தார். கல் குத்தினாலும், ஆணி ஏறினாலும், வெயிலில் தரை சுட்டாலும் அந்தப் பாதத்திற்குத் தெரியாது. புண் ஆழமாகும், எலும்பை அரிக்கும், இறுதியில் காலையே எடுக்க நேரிடும்.

ஆகவே அந்நோயாளருக்கு மருந்தைப் போலவே இன்றியமையாத மற்றொன்று தேவைப்பட்டது. அதுதான் செருப்பு! வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கான ஆய்வும் பணியும் நடந்தன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பர் அட்டை அச்செருப்பின் உட்பகுதி. நடக்கும்போது உடலின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் பாதம் முழுதும் பரவும்படி அது செய்கிறது. அதன் அடியில் முள்ளும் கல்லும் ஏறாத கெட்டியான அடித்தோல் இருக்கும். ஆணி அடிக்கவே கூடாது. ஒட்டியும் தைத்தும் செய்ய வேண்டும். செருப்பு நழுவினாலும் காலுக்குத் தெரியாதாகையால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் இருக்க வேண்டும். 'எம்.சி.ஆர். செருப்பு' என்று இதைச் சொல்வார்கள்.

தொழுநோயை இன்று மருந்தால் முற்றிலும் குணப்படுத்தலாம். உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் நோய் நீங்கியவருக்கும் ஏற்கெனவே போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்கும் இதே ஆபத்துத்தான். செருப்பு தேயும், தேய்ந்ததும் புதியது வேண்டும். வாழ்நாள் முழுதும் இத்தேவை தீராது. ஐரோப்பியக் கடைகளுக்குக் காலணி செய்து அனுப்பும் நம் வட்டாரத்தில், ஒரு ஜோடிச் செருப்பு ஒருவரின் காலைக் காக்கிறது என்பதைவிட நமக்குப் பொருத்தமான தருமம் எது இருக்க முடியும்?

நம் ஊர் மரம்

சமவெளியில் வாழும் நமக்குப் பனிப்பிரதேசத்து ஊசியிலை மரம் கிடைப்பதில்லை. சவுக்குக் கிளையே நம் கிறிஸ்மஸ் மரம். 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டுமென்று சென்னைக் கடற்கரையோரங்களில் பெருமளவில் வளர்க்கப்பட்ட சவுக்கு, இன்று நம் குடிலுக்கு நிழல் தருகிறது. காய்ந்த வேலிக்காத்தான் கிளை ஒன்றில் பஞ்சு சுற்றினாலும் போதும். வாளியில் மணலை நிரப்பி, கிளையை நட்டு, வாளியைச் சாக்கால் மறைத்துவிட்டால் மரம் தயார்.

கடையில் விற்கும் ஜிகினாச் சரங்களுக்குப் பதிலாக நம் கையால் செய்தவற்றைக் கட்டலாம். பனையோலையில் நட்சத்திரம், பழைய சேலைக் கரையில் மணி, தீப்பெட்டியில் குட்டிப் பரிசுப் பெட்டி ஆகியவை செலவில்லாதவை. நம் வட்டாரத்திற்கே உரிய ஒன்றும் உண்டு. காலணித் தொழிற்சாலைகளில் வெட்டிக் கழித்த தோல் துண்டுகள் அவை. சுண்டுவிரல் நீளத்தில் சிறு சிறு செருப்புகளை வெட்டித் தைத்து மரத்தில் தொங்கவிட்டால் அழகாக இருக்கும். பொருளும் ஆழமாக இருக்கும். குழந்தைகளின் பாதுகாவலரான புனித நிக்கோலாஸ் திருநாளின் முன்னிரவில் ஐரோப்பியக் குழந்தைகள் காலணியைத்தான் வாசலில் வைத்துவிட்டு உறங்குவார்கள். விடிந்ததும் அதில் பரிசு இருக்கும்.

மூன்று எச்சரிக்கைகளை மறக்கலாகாது. காய்ந்த சவுக்கு எளிதில் தீப்பற்றும். அதன்மீதோ அருகிலோ மெழுகுவர்த்தி வைக்கக் கூடாது. சீரியல் விளக்குகளை மின்சாரம் அறிந்தவர் சோதித்த பிறகே மாட்ட வேண்டும். மூவிராசாக்கள் திருநாளுக்குப் பிறகு மரத்தைக் கலைக்கும்போது தோல் துண்டுகளைக் குப்பையோடு கொளுத்தக் கூடாது. குரோமியம் கொண்டு பதனிட்ட தோலை எரித்தால், அந்தக் குரோமியம் உடலுக்குப் பெருந்தீங்கு செய்யும் வேறு வடிவாக மாறக்கூடும். அவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்து மறு ஆண்டும் பயன்படுத்தலாம்.

கணக்குப் பாடம்

இனி பணத்திற்கு வருவோம். ஒரு பள்ளியில் 12 வகுப்புகள், வகுப்புக்கு 40 மாணவியர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 5 ரூபாய் கொடுத்தால் 480 பேரிடமிருந்து 2,400 ரூபாய் சேரும். ஒவ்வொரு வகுப்பும் தனித்தனி மரம் வைத்து, மரத்துக்கு 150 ரூபாய் செலவிட்டால் 1,800 ரூபாய் அலங்காரத்திற்கே போய்விடும். ஏழைக்குச் சேர்வது 600 ரூபாய். அதாவது நாம் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாய் 75 காசு ஜிகினாவுக்கும், 1 ரூபாய் 25 காசு தருமத்திற்கும் போகிறது! பள்ளி முழுமைக்கும் ஒரே மரம் வைத்தால் செலவு 150, மிச்சம் 2,250.

வகுப்புகளுக்கிடையே போட்டி இல்லாவிட்டால் உற்சாகம் இராதே என்று தோழியர் கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. ஒரே மரத்தில் வகுப்புக்கு ஒரு கிளை! பன்னிரண்டு கிளைகளும் சேர்ந்து ஒரு மரம். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் பள்ளி கூடி மரம் ஜோடிக்கலாம்.

பரிசு யாருக்கு என்பதிலும் கவனம் வேண்டும். 'அதிகப் பணம் திரட்டிய வகுப்புக்கு முதற்பரிசு' என்று அறிவித்தால், வசதியுள்ள பெற்றோர் மிகுந்த வகுப்பே ஆண்டுதோறும் வெல்லும். பணத்தின் அளவை விட்டுவிட்டு, பங்கு பெற்ற கைகளை எண்ணினால் என்ன? ஒரு ரூபாய் போட்டவளும் ஒரு கை, நூறு ரூபாய் போட்டவளும் ஒரு கை. பணமே தர இயலாதவள் தன் கையால் ஒரு தோல் செருப்போ ஓலை நட்சத்திரமோ செய்து தொங்கவிட்டால் அதுவும் ஒரு கை. தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணை நம் ஆண்டவர் எப்படி மதிப்பிட்டார் என்பதை மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்றிருக்கிறோம். நம் பரிசும் அந்த அளவுகோலிலேயே அமையட்டும். யார் எவ்வளவு போட்டார் என்று பிறர் அறியாதபடி உறையில் இட்டு உண்டியலில் சேர்ப்பது இன்னும் நல்லது.

கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் பெற்றோருக்குப் பள்ளியின் வங்கிக் கணக்கு எண்ணை மட்டுமே தர வேண்டும். தனியார் எவருடைய எண்ணையும் தரலாகாது. உண்டியலைத் திறக்கும்போது ஓர் அருட்சகோதரியும் ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவியரும் உடனிருந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு என்ற மூன்று வரிக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கொடுத்த காசு எங்கே போயிற்று என்று அறிந்தவர் மறு ஆண்டும் மனமுவந்து கொடுப்பார். செருப்புக்கென்று நிதி திரட்டுவதானால், ஒரு ஜோடிக்கு என்ன விலை என்பதை மருத்துவமனையில் முதலிலேயே கேட்டறிய வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் பணம் சேர்ந்தவுடன் மரத்தில் ஒரு சிறு செருப்பைக் கட்டினால், எத்தனை பாதங்கள் காக்கப்படும் என்று மரமே கணக்குச் சொல்லும்.

பெறுகிறவர் முகம்

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது நம் பழமொழி. பெறுகிறவர் மனம் அறிந்து கொடு என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் லின்ச்பர்க் நகரில், இரட்சணிய சேனையைச் சேர்ந்த சார்லஸ் வைட், ஷெர்லி வைட் தம்பதியர் 1979இல் 'சம்மனசு மரம்' என்று ஒன்றைத் தொடங்கினர். ஏழைக் குழந்தைகளின் தேவைகளைச் சம்மனசு படம் போட்ட அட்டைகளில் எழுதி, ஒரு கடைத்தொகுதியில் இருந்த மரத்தில் தொங்கவிட்டார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு அட்டையைப் பறித்து, அதில் கண்ட பொருளை வாங்கிக் கொடுத்தார்கள். இம்முறை பின்பு பல இடங்களுக்கும் பரவிற்று. கொடுப்பவருக்குப் பெறுபவரின் பெயர் தெரியாது. பெறுபவர் எவர் முன்னும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு.

பெரிய நகரத்துக்குப் பொருந்தும் இம்முறையை நம் போன்ற சிற்றூர்களில் கையாளும்போது இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். 'ஆறாம் வகுப்பு மாணவி, தந்தை இல்லை, தாய் தோல் ஷாப்பில் வேலை' என்று அட்டையில் எழுதினால், பெயர் எழுதாவிட்டாலும் அது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அட்டையில் பொருளும் அளவும் மட்டும் இருந்தால் போதும்: 'பள்ளிப் பை ஒன்று', 'போர்வை ஒன்று', 'காலணி, அளவு நான்கு'. யாருக்கு என்பது தலைமை ஆசிரியை ஒருவருக்கே தெரிந்திருக்கட்டும். மேடையில் வரிசையாக நிற்க வைத்துப் பொருள் கொடுத்துப் படம் எடுப்பது கொடுப்பவருக்கு ஒரு நிமிட மகிழ்ச்சி. வாங்கும் குழந்தைக்கோ வகுப்பில் ஆண்டு முழுவதும் தலைகுனிவு.

இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் தோழியர் பலருடைய தாய் தந்தையர் தோல் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைக்கிறவர்கள். அதிகாலையில் கம்பெனி பஸ் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்பும் அன்னையர் எத்தனை பேர்! பஸ் தோல் ஷாப்புகளைக் கடக்கும்போது சிலர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்த வாடையை உடுப்போடு வீட்டுக்குக் கொண்டுவரும் தந்தையின் மகள் அதே பஸ்ஸில் அமர்ந்திருக்கிறாள் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

திருத்தூதர் பணிகள் நூலில் ஒரு செய்தி வருகிறது. புனித இராயப்பர் யோப்பா நகரில் பல நாள் தங்கிய வீடு யாருடையது தெரியுமா? கடலோரத்தில் வாழ்ந்த சீமோன் என்னும் தோல் பதனிடுபவருடையது! இறந்த விலங்கின் தோலைத் தொடுவது தீட்டு என்று யூதர்கள் ஒதுக்கிய காலம் அது. அந்த வீட்டின் மேல்தளத்தில் செபித்துக்கொண்டிருந்தபோதுதான், கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்னும் பாடத்தை அவர் காட்சியில் பெற்றார். திருச்சபை எல்லா இனத்தாருக்கும் கதவைத் திறக்கக் காரணமான அக்காட்சி, ஒரு தோல் தொழிலாளியின் வீட்டு மாடியில் நிகழ்ந்தது. தோல் பதனிடுவோருக்குப் புனித பர்த்தலோமேயுவும், காலணி செய்வோருக்குப் புனிதர்கள் கிறிஸ்பின், கிறிஸ்பினியன் என்பவர்களும் பாதுகாவலர்கள். தோல் தொழிலாளியின் மகள் தலைநிமிர்ந்து நடக்கத் தக்கவள் என்பதற்கு இன்னும் என்ன வேண்டும்?

ஈகையும் நீதியும்

கடைசியாக ஒரு சொல். மரத்தடி உண்டியல் நல்லதுதான். ஆனால் அது எல்லாக் குறைகளையும் தீர்த்துவிடாது. நம் பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ கெட்டுப்போனது என்று உச்ச நீதிமன்றத்தின் 28.8.1996 தீர்ப்பில் குறிப்பிடப்பட்டுள்ளது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த அவ்வழக்கில், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நிலைநாட்டப்பட்டது. அதன் பிறகும், 2015 ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி மாண்டார்கள்.

நல்ல கூலி, நல்ல தண்ணீர், பாதுகாப்பான வேலை ஆகியவை தருமமாகப் பெற வேண்டியவை அல்ல. உழைப்பவருக்கு உரிமையாகச் சேர வேண்டியவை. உழைப்பாளிக்கு நியாயமான கூலி கொடுப்பது கடமை என்று பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டிலேயே தம் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். நாம் படித்து ஆசிரியையாகவோ, மருத்துவராகவோ, தொழிற்சாலை நிர்வாகியாகவோ, நீதிபதியாகவோ ஆகும் நாளில் இந்த நீதிக்கு உழைக்கலாம். அதுவரை நம் சிறு கைகளால் இயன்ற ஈகையைச் செய்வோம். ஈகை செய்து பழகிய நெஞ்சமே நாளை நீதிக்கும் குரல் கொடுக்கும்.

அன்புத் தோழியரே! பெத்லகேமில் இடமின்றி மாட்டுத் தொழுவில் பிறந்த பாலகன் நம் மரத்தின் உயரத்தையோ அதன் மினுமினுப்பையோ பார்ப்பதில்லை. இந்தத் திருவருகைக் காலத்தில் முதலில் தேவை உள்ளவரைக் கண்டறிவோம். பிறகு மரத்தை நடுவோம். சவுக்கு மரத்தில் எவரும் பழம் பறித்ததில்லை. ஆயினும் நம் பள்ளிச் சவுக்கில் தொங்கும் ஒவ்வொரு சிறு செருப்பும், எங்கோ ஒருவர் புண்ணின்றி நடக்கும் ஒரு ஜோடிப் பாதங்களாகக் கனியட்டும். அனைவருக்கும் எங்கள் கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துக்கள்!